சுரங்கத்தின் மேல்மண்: எடுக்கும் வரிசையும் வைக்கும் வரிசையும்

கடலூர் மாவட்டத்தில் சுரங்கத்துக்கு நிலம் எடுக்கும் செய்தி வரும்போதெல்லாம் இரண்டு பேச்சு காதில் விழுகிறது. "மண்ணை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு நிலக்கரியைத் தோண்டிக்கொள்வார்கள். அதே மண்ணைப் போட்டு மூடினால் நிலம் பழையபடி ஆகிவிடும்" என்பார்கள் சிலர். "ஒருமுறை தோண்டிவிட்டால் அது செத்த மண். இனி அதில் புல்கூட முளைக்காது" என்பார்கள் வேறு சிலர். பேசுவது ஒரே பொருளைப் பற்றித்தான்: கனிமத்துக்கு மேலே கிடக்கும் மண்ணும் பாறையும். அது முழுவதையும் ஒரே தன்மையுள்ள மண்ணாக நினைத்துக்கொள்வதில்தான் இரு தரப்புக்கும் குழப்பம் தொடங்குகிறது.

அங்கே இருப்பது பல அடுக்கு. ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு குணம் உண்டு. எந்த அடுக்கை எப்போது எடுத்தார்கள், எங்கே கொட்டினார்கள், எந்த வரிசையில் திரும்ப வைத்தார்கள் என்பதில்தான் அந்த நிலத்தின் தலையெழுத்து இருக்கிறது. நிலத்தைக் கொடுக்கும் குடும்பங்களும் அவர்களுக்காகப் பேசுகிறவர்களும் இந்த ஒரு விஷயத்தையாவது தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நிலவியல் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

கிணறு வெட்டும் இடத்திலிருந்து தொடங்குவோம்

கிணறு வெட்டுவதைப் பார்த்தவர்களுக்குப் பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும். முதல் ஒரு முழம் வேர் ஓடிய, பொலபொலவென்ற மண். விவரம் தெரிந்த விவசாயி அதைத் தனியாக அள்ளி வயலில் பரப்பிவிடுவார். அதற்குக் கீழே செம்மண்ணோ களியோ வரும். பிறகு சுக்கான், அதாவது சுண்ணாம்பு கலந்த கெட்டி மண், பிறகு பாறை. வெடி வைத்து உடைத்த கல்லெல்லாம் கிணற்றைச் சுற்றி மேடாகக் குவியும். வெட்டுவது தண்ணீருக்காக. ஆனால் கூலியும் நாளும் செலவாவது தண்ணீருக்கு மேலே இருந்ததை அகற்றுவதற்குத்தான்.

அந்தக் கிணற்று மேட்டைப் பல ஆண்டுகள் கழித்துப் போய்ப் பாருங்கள். பத்தடி தள்ளி நெல்லும் கரும்பும் விளையும் நிலத்தில், மேட்டின் மேல் மட்டும் எருக்கும் வேலிக்கருவேலும் நிற்கும். மண்ணில் யாரும் விஷம் கலக்கவில்லை. தலைகீழாக அடுக்கப்பட்டுவிட்டது, அவ்வளவுதான். முதலில் தோண்டியது அடியில் போயிற்று, கடைசியில் தோண்டிய உயிரில்லாத கல்லும் சுக்கானும் மேலே வந்துவிட்டன.

திறந்தவெளிச் சுரங்கத்தில் நடப்பதும் இதே வேலைதான். அளவு பல லட்சம் மடங்கு பெரியது. அதோடு, கிணறு ஓரிடத்தில் நின்றுவிடும், சுரங்கம் ஆண்டுக்கணக்கில் நகர்ந்துகொண்டே இருக்கும்.

எது மேல்மண், எது இல்லை

சுரங்கத்தில் மேல்மண் என்று சொல்வது, தரையிலிருந்து கனிமத்தைத் தொடும் வரை இடையில் இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துத்தான். மண், மணல், களி, பாறை அனைத்தும் அதில் அடக்கம். விவசாயி மேல்மண் என்று சொல்லும் அந்த முதல் ஒரு சாண், ஒரு முழ மண்ணை இந்தக் கட்டுரையில் வளமண் என்று அழைக்கிறேன். வளமண் மேல்மண்ணின் ஒரு மிகச் சிறிய பகுதி. 70 மீட்டர் மேல்மண்ணில் அரை மீட்டர்கூடத் தேறாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் மிகப் பெரிய பிழை.

நிலக்கரி சில இடங்களில் ஒரே படுகையாக இல்லாமல், நடுநடுவே களியோ மணற்பாறையோ வைத்து இரண்டு மூன்று படுகைகளாகக் கிடக்கும். படுகைகளுக்கு இடையில் மாட்டிக்கொண்டிருக்கும் அந்த மண்ணுக்கு இடைமண் என்று பெயர். அதையும் அகற்றித்தான் ஆக வேண்டும். செலவுக் கணக்கில் அதுவும் மேல்மண்ணோடு சேர்ந்துவிடும்.

மேல்மண்ணோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் இன்னொன்று தாதுக்கழிவு. தாதுவைப் பொடியாக அரைத்து, வேண்டிய உலோகத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் நுண்பொடியும் சேறும்தான் தாதுக்கழிவு. கோலார் தங்கவயலுக்குப் போனவர்கள் ஊரைச் சுற்றி நிற்கும் வெளிறிய குன்றுகளைப் பார்த்திருப்பார்கள். வடஆற்காட்டிலிருந்தும் சுற்றுவட்டாரங்களிலிருந்தும் போன தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த ஊர் அது. அங்கே சயனைட் மேடு என்று சொன்னால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அந்தக் குன்றுகளைச் சுரங்கம் தோண்டும்போது வந்த மண் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அவை சயனைட் கொண்டு தங்கத்தைப் பிரித்த ஆலையிலிருந்து வந்த தாதுக்கழிவு. கோலாரில் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குச் செங்குத்தான குழிகளும் சுரங்கப்பாதைகளும் இறங்கின. மேலே இருந்த பாறையை யாரும் அகற்றவில்லை. அது இன்றும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகும் காற்றில் பறந்து ஊர்க்காரர்களின் வீட்டுக்குள் வருவது அரைத்த கழிவுதான்.

மணவாளக்குறிச்சி இதற்கு நேர் எதிர். கன்னியாகுமரி மாவட்டத்தின் அந்தக் கடற்கரையில் இல்மனைட்டும் மோனசைட்டும் கலந்த கனிம மணல் அலை கொண்டுவந்து கரையிலேயே போடுவது. அங்கே அகற்ற வேண்டிய மேல்மண் என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

சுருக்கமாக: மேல்மண் என்பது கனிமத்துக்கு மேலே இருக்கும் எல்லா அடுக்கும். வளமண் அதன் உச்சியில் உள்ள மெல்லிய உயிருள்ள பகுதி. தாதுக்கழிவு ஆலையில் உண்டாவது, அது வேறு கதை.

நெய்வேலியின் வெட்டுமுகம்

நெய்வேலியின் வரலாறே கிணற்றில்தான் தொடங்குகிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. பிறகு பல ஆண்டு ஆய்வு, 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம், 1957 மே மாதத்தில் முதல் சுரங்க வெட்டு. கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில்தான். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளுக்கு மேல் அங்கே நடந்தது முழுக்க முழுக்க மண் அள்ளும் வேலை. ஒரு கைப்பிடி கரிகூட வெளியே வராத நிலையில் இயந்திரங்களும் ஆட்களும் பணமும் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தன. சுரங்கம் என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால் இந்த நான்கு ஆண்டுகளைத்தான் முதலில் சொல்வேன்.

இப்போது அங்கே விளிம்பில் நின்று குழியின் சுவரைப் பார்த்தால் அடுக்குகள் தெளிவாகத் தெரியும். உச்சியில் செம்மண். அதன் கீழே மஞ்சளும் வெள்ளையும் சிவப்பும் மாறி மாறி வரும் மணற்பாறையும் களியும். நிலவியலாளர்கள் இதைக் கடலூர் மணற்பாறை என்று அழைக்கிறார்கள். பெயர் மணற்பாறை என்றாலும் சில இடங்களில் கையால் உதிர்க்கலாம், சில இடங்களில் இயந்திரத்தின் இரும்புப் பல்லையே தேய்த்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் துளை போட்டு வெடி வைத்துத் தளர்த்திய பிறகுதான் இயந்திரம் கடிக்கும். கரிக்கு நெருங்க நெருங்கக் களி கறுக்கும். அதன் கீழே கரிப் படுகை. பிட்டுப் பார்த்தால் சில துண்டுகளில் மரத்தின் நார் இன்னும் தெரியும்.

மேல்மண்ணின் தடிமன் இங்கே 45 மீட்டரிலிருந்து 100 மீட்டர் வரை மாறுகிறது. கரிப் படுகை 8 முதல் 26 மீட்டர். அதாவது இருபது முப்பது மாடிக் கட்டடத்தின் உயரத்துக்கு மண்ணை அகற்றினால் சில மாடி உயரத்துக்குக் கரி.

இந்த மண் சும்மா கிடக்கவில்லை என்பதையும் நெய்வேலியில்தான் நன்றாகப் பார்க்கலாம். கரிக்குக் கீழே, அழுத்தத்தில் அடைபட்ட பெரிய நீர்த்தேக்கப் படுகை ஒன்று இருக்கிறது. அது மேல்நோக்கித் தள்ளும் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ. 70 மீட்டர் மண்ணும் பாறையும் மேலே உட்கார்ந்திருக்கும் வரை அவற்றின் எடை அதே ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் ஏறத்தாழ 14 கிலோ வரும். தண்ணீர் அடங்கிக் கிடக்கும். மேல்மண்ணை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 15 மீட்டர் கரியின் எடை மட்டும். அது 2 கிலோகூட இல்லை. கீழிருந்து 6 கிலோ தள்ளும், மேலிருந்து 2 கிலோ அமுக்கும் என்றால் என்ன ஆகும்? குழியின் தரை பிளந்து தண்ணீர் பீறிடும். அதனால்தான் நெய்வேலியில் கரியைத் தொடும் முன்பே சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு, இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். சுற்றுப்புறக் கிராமங்களில் நிலத்தடி நீர் இறங்குவதைப் பற்றிய வழக்கும் வாதமும் இங்கிருந்துதான் புறப்படுகின்றன. மேல்மண் ஒரு சுமை மட்டுமல்ல, அது ஒரு மூடியும்கூட.

தோண்டலாமா, வேண்டாமா?

ஒரு டன் கனிமத்துக்கு எத்தனை கன மீட்டர் மேல்மண்ணை அகற்ற வேண்டும் என்பதை நீக்க விகிதம் என்பார்கள். நெய்வேலியில் இது ஏறத்தாழ 5 முதல் 7. ஒரு டன் கரிக்கு 6 கன மீட்டர் மண் என்று வைத்துக்கொண்டால், எடைக் கணக்கில் அது 12 டன்னுக்குக் குறையாது.

எவ்வளவு ஆழத்தில் கனிமம் இருக்கிறது என்பதை மட்டும் வைத்துத் தோண்டலாமா என்று முடிவு செய்ய முடியாது. 100 மீட்டர் ஆழத்தில் 25 மீட்டர் தடிமனுள்ள படுகை இருந்தால் லாபம். 30 மீட்டர் ஆழத்தில் ஒரு மீட்டர் படுகை இருந்தால் நஷ்டம். கனிமத்தின் விலையும் சேர வேண்டும். மலிவான பழுப்பு நிலக்கரிக்கு 6 மடங்கு மண் அள்ளுவதே பெரிய விஷயம். தங்கமாக இருந்தால் அதைவிடப் பல மடங்கு அள்ளினாலும் கட்டுப்படியாகலாம். விகிதம் ஓர் எல்லையைத் தாண்டும்போது, மண்ணை அகற்றும் செலவு கனிமத்தின் விலையை விழுங்கிவிடும். அந்த இடத்தில் திறந்தவெளிச் சுரங்கம் நிற்கும். அதற்கு மேல் பூமிக்கடியில் சுரங்கப்பாதை போட வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும்.

கவனிக்க வேண்டியது, இந்த எல்லை கல்லில் எழுதப்பட்டதல்ல. கரியின் விலை ஏறினால், இயந்திரம் பெரிதானால், நேற்று வேண்டாம் என்று விட்ட நிலம் இன்று வேண்டியதாகிவிடும். "எங்கள் ஊரில் கரி ஆழத்தில் இருக்கிறது, வர மாட்டார்கள்" என்ற நம்பிக்கை எல்லாக் காலத்துக்கும் செல்லாது.

நாடு முழுவதும் பார்த்தால் அளவு புரியும். கோல் இந்தியா நிறுவனம் 2022-23இல் 70 கோடி டன்னுக்கு மேல் நிலக்கரி எடுத்தது. அதற்காக அகற்றிய மேல்மண் 160 கோடி கன மீட்டருக்கும் அதிகம். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். ஓர் ஆண்டில் அகற்றிய அந்த மண்ணை அதன் மேல் சமமாகப் பரப்பினால் ஏறத்தாழ மூன்றே முக்கால் மீட்டர் உயரத்துக்கு வரும். வீடுகளின் தரைத்தளம் முழுக்க மூழ்கிவிடும்.

முதல் வெட்டும் நகரும் குழியும்

அகற்றும் முறை இப்படி. செங்குத்தாக 80 மீட்டர் சுவர் வெட்டினால் அது சரிந்து விழும். ஆகவே படிப்படியாக இறங்குவார்கள். ஒவ்வொரு படியும் பல மீட்டர் உயரம், இயந்திரம் நின்று வேலை செய்யும் அளவுக்கு அகலம். ஜார்க்கண்ட், தெலங்கானா நிலக்கரிச் சுரங்கங்களில் ஷவல் என்னும் அள்ளும் இயந்திரங்கள் மண்ணை அள்ளி டம்பர் லாரிகளில் கொட்டும். நெய்வேலியில் ஜெர்மானிய முறை. பெரிய சக்கரம், அதன் விளிம்பைச் சுற்றிலும் பற்கள் வைத்த வாளிகள். பெரிய இயந்திரங்களில் வாளி ஒன்றுக்கு 1,400 லிட்டர் பிடிக்கும். சக்கரம் நிற்காமல் சுழன்று சுவரைச் சுரண்டும். மேலே போன வாளி கவிழ்ந்து மண்ணைக் கன்வேயர் பெல்ட்டில் போடும். பெல்ட் அதைக் கிலோமீட்டர் கணக்கில் சுமந்துகொண்டு போய், ஸ்பிரெடர் என்னும் நீண்ட கை கொண்ட இயந்திரத்திடம் கொடுக்கும். அது விசிறிக் கொட்டும். மழைக்காலத்தில் களி வாளியிலும் பெல்ட்டிலும் அப்பிக்கொள்ளும். அப்போது உற்பத்தியே தடுமாறும்.

எங்கே கொட்டும் என்பதுதான் முக்கியமான கேள்வி. முதல் வெட்டில் வரும் மண்ணைப் போடக் குழிக்குள் இடமே கிடையாது, ஏனென்றால் குழியே இன்னும் உருவாகவில்லை. அதனால் அது சுரங்கத்துக்கு வெளியே, வேறு நிலத்தில் மலையாகக் குவியும். இதை வெளிக்குவியல் என்போம். கரியை எடுத்து முடித்த பகுதி கொஞ்சம் கிடைத்ததும், முன்னால் அகற்றும் மண்ணைப் பின்னால் உள்ள அந்தக் காலிக் குழியில் போட ஆரம்பிக்கலாம். அது உட்குவியல். அதற்குப் பிறகு குழி நகரும். முன்பக்கம் வெட்டு, நடுவில் கரி, பின்பக்கம் நிரப்பு. நெய்வேலியில் பல ஆண்டுகளாக இப்படித்தான் குழி ஊர்ந்து போய்க்கொண்டிருக்கிறது.

ஆகவே, தோண்டிய குழியில் அதிலிருந்து வந்த அதே மண் திரும்ப விழுவதில்லை. முருகன் நிலத்து மண் கோவிந்தன் நிலத்துக் குழிக்குள் போகும். முதல் வெட்டின் மண் வெளியே மலையாக நின்றுவிடும். கடைசிக் குழிக்கோ மண் மிஞ்சாது.

ஜெர்மனியின் ஹாம்பாக் சுரங்கம் இதற்குக் கண்கண்ட சாட்சி. 1978இல் தொடங்கிய அந்தச் சுரங்கத்தில் முதல் கரி வந்தது 1984இல். வெளியே கொட்டிய மண் சோஃபியன்ஹோகே என்ற குன்றாகிவிட்டது. சமவெளியிலிருந்து ஏறத்தாழ 200 மீட்டர் உயரம். இப்போது அதில் காடு வளர்த்து, நடைபாதை போட்டிருக்கிறார்கள். மறுபுறம் கடைசிக் குழி ஏறத்தாழ 400 மீட்டர் ஆழத்தில் வாய் பிளந்து நிற்கிறது. அதை நிரப்ப மண் இல்லை. ரைன் ஆற்றிலிருந்து குழாய் போட்டு நீர் கொண்டுவந்து, பல பத்தாண்டுகளில் ஏரியாக்கப் போகிறார்கள்.

சுருக்கமாக: முதலில் வந்த மண் வெளியே மலை, நடுவில் வந்தது பின்னால் நிரப்பு, கடைசியில் மிஞ்சுவது குழி. எந்தத் திறந்தவெளிச் சுரங்கத் திட்டத்திலும் இந்த மூன்றையும் தேடிப் பாருங்கள்.

உப்பிப் பெருகும் மண்

"கரியை எடுத்துவிட்டால் அந்த அளவு பள்ளமாகத்தானே இருக்க வேண்டும், சில இடங்களில் மேடாகி இருக்கிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி. பூமிக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அமுங்கிக் கிடந்த மண்ணைக் கிளறினால் அதற்குள் காற்றிடம் புகுந்து அது உப்பும். மணலும் களியும் கால் பங்கு வரை உப்பலாம். உடைத்த பாறை அரைப் பங்குக்கூட உப்பும். ஆண்டுகள் போகப்போக மழையிலும் தன் எடையிலும் கொஞ்சம் அமரும். ஆனால் பழைய இறுக்கம் முழுவதுமாகத் திரும்பாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டன் பழுப்பு நிலக்கரி ஏறத்தாழ 0.8 கன மீட்டர். அதற்கு மேல் 6 கன மீட்டர் மண். மொத்தப் பள்ளம் 6.8 கன மீட்டர். அமர்ந்த பிறகும் மண் 15 சதவீதம் உப்பியே இருந்தால் 6 கன மீட்டர் மண் 6.9 கன மீட்டராகிறது. பள்ளம் நிரம்பிவிட்டது, கரி போன இடமே தெரியவில்லை. மண் அதிகமாகவும் கரி குறைவாகவும் உள்ள சுரங்கத்தில் நடுப்பகுதியைத் தரைமட்டம் வரை நிரப்ப முடிகிறது என்றால் காரணம் இதுதான். ஹாம்பாக் போலக் கரிப் படுகை மிகத் தடிமனாக இருந்தால் உப்பலால் ஈடுகட்ட முடியாது.

நிரம்பிய நிலம் சமமாக அமராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓரிடத்தில் களி, ஓரிடத்தில் மணல் என்று விழுந்திருப்பதால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் இறங்கும். உடனே வீடு கட்டினால் சுவர் விரியும்.

குவியல் சரியும்போது

2016 டிசம்பர் 29 அன்று இரவு ஜார்க்கண்டின் கோட்டா மாவட்டத்தில், ராஜ்மஹால் திறந்தவெளிச் சுரங்கத்தின் லால்மாட்டியா பகுதியில் மேல்மண் குவியல் சரிந்தது. கீழே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் இயந்திரங்களோடு புதைந்தார்கள். இறந்தவர்கள் 23 பேர். குவியலோடு அது நின்ற தளமும் சேர்ந்து, ஏறத்தாழ 300 மீட்டர் நீளத்துக்குக் கீழே வழுக்கிப் போயிற்று. நகர்ந்த மண்ணின் அளவு 90 லட்சம் கன மீட்டருக்கு மேல் என்று கணக்கிட்டார்கள்.

எந்த மண்ணையும் மேலிருந்து கொட்டினால் அது ஒரு குறிப்பிட்ட சாய்வில் தானாக நிற்கும். அதற்கு மேல் செங்குத்தாக்க முயன்றால் வழியும். காய்ந்த மணலும் உடைந்த கல்லும் ஓரளவு சாய்வில் நிற்கும். ஈரக் களி நிற்காது. அதனால்தான் இந்திய நிலக்கரிச் சுரங்க விதிகள் குவியலின் சாய்வு 37.5 பாகையைத் தாண்டக் கூடாது என்றும், 30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் படி வைத்துத்தான் ஏற்ற வேண்டும் என்றும் சொல்கின்றன.

சாய்வு மட்டும் சரியாக இருந்தால் போதாது. குவியல் எதன் மேல் நிற்கிறது என்பதும் முக்கியம். அடியில் வழுக்கும் களி இருந்தால், மழைநீர் உள்ளே இறங்கித் தேங்கினால், அடிவாரத்தைக் கரிக்காக யாராவது சுரண்டினால், எவ்வளவு சாந்தமாகத் தெரிந்த குவியலும் நகரும். விரிசல் முன்கூட்டியே தெரியும். அதைப் பார்த்து வேலையை நிறுத்த ஒருவர் வேண்டும். நிறுத்தினால் உற்பத்தி குறையும். அந்த 23 உயிர்களை நினைக்கும்போது, உற்பத்தி இலக்கு என்ற சொல்லை என்னால் சாதாரணமாக வாசிக்க முடிவதில்லை.

குவியல் சரியாமல் நின்றாலும் பாதிப்பு உண்டு. அமெரிக்காவின் அப்பலாச்சியப் பகுதியில் மலை உச்சியையே வெடி வைத்துப் பெயர்த்து, வந்த பாறையைப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் தள்ளினார்கள். ஆயிரம் மைலுக்கும் மேற்பட்ட நீளத்துக்குச் சிற்றோடைகள் அந்தப் பாறையின் அடியில் போய்விட்டன.

வளமண்ணைத் தனியாக வைப்பது ஏன்?

இப்போது கிணற்று மேட்டுக்குத் திரும்பலாம். அங்கே எதுவும் விளையாததற்குக் காரணம் அடுக்கு தலைகீழானது. சுரங்கத்தில் அதைத் தவிர்க்க வழி இருக்கிறது. உச்சியில் உள்ள வளமண்ணை முதலில் தனியாக வழித்து எடுத்து, தனி இடத்தில் குவித்து, குழியை நிரப்பிய பிறகு கடைசியாக மேலே பரப்ப வேண்டும். அமெரிக்காவில் 1977இல் வந்த திறந்தவெளிச் சுரங்கச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. இந்தியாவிலும் சுரங்கத் திட்டங்களுக்கான அனுமதி நிபந்தனைகளில் இது இடம்பெறுகிறது.

எடுத்து வைத்தால் மட்டும் போதாது. வளமண்ணில் புழு, பூஞ்சை, நுண்ணுயிர், விதை எல்லாம் உயிரோடு இருக்கின்றன. அதை உயரமாகக் குவித்தால் உள்ளே காற்று போகாமல் அவை மடியும். மழை அரித்துக்கொண்டு போகும். பல ஆண்டு கழித்து எடுத்துப் பரப்பும்போது பெயர்தான் வளமண், உள்ளே சரக்கு இருக்காது. எனவே தாழ்வாகக் குவிக்க வேண்டும், மேலே பயறோ தக்கைப்பூண்டோ விதைத்துப் பிடித்து வைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட நல்லது, குவிக்காமல் அன்றன்றே எடுத்து, பின்பக்கம் நிரப்பி முடித்த நிலத்தில் நேரே பரப்புவது. நகரும் குழியில் இது முடிகிற காரியம்தான். முதல் வெட்டில்தான் முடியாது.

மற்ற அடுக்குகளுக்கும் வரிசை உண்டு. நிலக்கரியை ஒட்டிய கறுத்த களியில் பல இடங்களில் பைரைட் என்னும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் இருக்கும். பூமிக்குள் இருக்கும் வரை அது யாரையும் தொந்தரவு செய்யாது. காற்றும் மழையும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகி, ஊறி வரும் நீர் துருநிறத்தில் ஓடையில் கலக்கும். கடைசியில் தோண்டப்படும் அந்த அடுக்கு கவனமில்லாமல் கொட்டினால் குவியலின் உச்சிக்கு வந்துவிடும். அதைக் குழியின் அடியில் போட்டு, மேலே நீர் புகாத களியால் மூடுவதுதான் முறை.

நிரப்பிய நிலத்தின் மேல் கனரக வண்டிகள் ஓடி ஓடி மண் இறுகிப்போவது இன்னொரு தொல்லை. வளமண்ணைப் பரப்பியிருந்தாலும் ஒரு முழத்துக்குக் கீழே வேர் இறங்காது, தண்ணீரும் இறங்காது. ஆழமாகக் கீறிவிட வேண்டும். நெய்வேலியில் நிரப்பிய பகுதிகளில் மரம் வளர்ந்திருக்கிறது, பயிர்ச் சோதனைகளும் நடந்திருக்கின்றன. எனவே செத்த மண் என்பது சரியல்ல. ஆனால் சில ஆண்டு எருவும் பசுந்தாளும் கொடுத்துத் தேற்றிய மண்ணும், முன்பு முப்போகம் விளைந்த மண்ணும் ஒன்று என்று சொல்வதையும் நான் ஏற்க மாட்டேன். கிணற்றுநீர் நின்ற மட்டம், வாய்க்கால் ஓடிய சரிவு, களி தேக்கி வைத்த ஈரம் ஆகியவை வளமண்ணோடு சேர்ந்து திரும்பி வருவதில்லை.

திட்ட அறிக்கையில் எதைப் பார்ப்பது?

பெரிய நிலக்கரிச் சுரங்கத் திட்டம் வரும்போது, 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கங்களையும் படிக்க எல்லாருக்கும் முடியாது. மேல்மண் தொடர்பான பக்கங்களை மட்டுமாவது தேடிப் படியுங்கள்.

நீக்க விகிதம் எவ்வளவு என்று பாருங்கள். வெளிக்குவியலுக்கு எத்தனை ஹெக்டேர், எவ்வளவு உயரம், அது எந்தக் கிராமத்து நிலம் என்று பாருங்கள். சுரங்கத்துக்கான நிலத்தோடு குவியலுக்கான நிலமும் போகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உட்குவியல் எத்தனையாவது ஆண்டில் தொடங்கும் என்பது அடுத்தது. அது தள்ளிப் போகப்போக வெளிக்குவியல் பெருகும். வளமண் எத்தனை கன மீட்டர், எங்கே, எவ்வளவு உயரத்தில், எத்தனை ஆண்டு வைக்கப்படும் என்பதற்கு எண்ணோடு பதில் இருக்க வேண்டும். "வளமண் முறையாகப் பாதுகாக்கப்படும்" என்று ஒரே வரியில் முடித்திருந்தால் அது பதிலாகாது. கடைசிக் குழியின் பரப்பும் ஆழமும், அதில் நிற்கும் நீர் யாருடைய பொறுப்பு என்பதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கூட்டத்தில் பேச முடியாதவர்கள் எழுத்திலும் அனுப்பலாம். கூட்டத்தை நடத்துவது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தலைமை தாங்குவது மாவட்ட ஆட்சியர் அல்லது அவரது பிரதிநிதி. எழுந்த ஆட்சேபங்களும் அதற்குச் சொன்ன பதில்களும் நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும். அந்தக் குறிப்பைக் கூட்டத்திலேயே தமிழில் வாசித்து விளக்க வேண்டும் என்பதும் விதி. உங்கள் கேள்வியை எண்ணோடு கேட்டு, அது குறிப்பில் ஏறிவிட்டதா என்று அங்கேயே நின்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.